வரப்பில் நிற்கும் சொல்

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், திருவையாற்றை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து என்னிடம் பாடம் கேட்க வரும் பையன், மேல்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பில் படிப்பவன், தான் எழுதிய ஆங்கில வியாசம் ஒன்றை நனையாமல் சட்டைக்குள் மறைத்து எடுத்துவந்து காட்டினான். தன் ஊரைப் பற்றி எழுதியிருந்தான். மேட்டூர் திறப்பதும், காய்ந்த ஆற்றுமணலில் நுரையோடு புதுத்தண்ணீர் ஊர்ந்து வருவதும், நாற்றங்காலின் பசுமையும், அறுத்த நெல்லைக் களத்தில் பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்தபடி காவலிருப்பதும் கண்ணால் கண்டவன் எழுதியவையாகவே இருந்தன, படிக்க ரசமாயிருந்தது. எழுத்துப்பிழையும் சொற்பம். ஆயினும் இரண்டு பக்கத்துக்குள் நான்கு இடங்களில், ‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நட்டநடுவில் ‘பட்’ என்ற சொல் அழையா விருந்தாளியாக வந்து சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. ‘ஆல்தோ தி வாட்டர் கேம் லேட், பட் தி குறுவை வாஸ் குட்’ என்பது அவற்றில் ஒன்று.

நான் வழக்கம்போல் நான்கு ‘பட்’டுகளையும் சிவப்பு மையால் அடித்தேன்.

“எதுக்கு சார் அடிச்சீங்க?”

“இரண்டில் ஒன்று போதும் அப்பா.”

“தமிழ்ல ரெண்டும் வருமே சார்.”

“எங்கே, சொல்லு பார்ப்போம்.”

“தண்ணி லேட்டா வந்தாலும்...” என்று ஆரம்பித்தவன், “குறுவை நல்லா வெளஞ்சுது” என்று முடித்துவிட்டு, ‘ஆனால்’ என்ற சொல் நுழைவதற்கு அங்கே இடமே இல்லாததைத் தானாகவே கண்டு சிரித்துவிட்டான். அவன் சிரித்தான், எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. உபாத்தியாயராக இருந்த காலம் முழுவதும், இந்தப் பிழையைக் கண்ட போதெல்லாம், தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுவதால் வரும் வினை என்று கொஞ்சமும் யோசியாமல் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். தமிழில் இல்லாத ‘ஆனால்’ தமிழ்ப்பிள்ளையின் ஆங்கிலத்தில் எப்படி முளைத்தது என்ற கேள்வியை என்னை நானே ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

தமிழில் ஒன்றை ஒப்புக்கொண்டே அதற்கு மாறான வேறொன்றை நிலைநாட்டிப் பேசுவதற்கு நமக்குள்ள பிரதான கருவி ‘உம்’ என்னும் ஒற்றை இடைச்சொல். தொல்காப்பியர் இடையியலில் அதற்கு எட்டுப் பொருள் வகுத்தார். பல நூற்றாண்டு கழித்து வந்த பவணந்தியாரும் நன்னூலில் அந்த எட்டு என்ற கணக்கை மாற்றவில்லை. எண்ணுவதற்கும் அதுதான், ஐயத்துக்கும் அதுதான், முற்றும் அடங்கிற்று என்று சொல்வதற்கும் அதுதான், சிறப்புக்கும் எதிர்மறைக்கும் அதுதான். ‘வந்தால்’ என்பதன் வாலில் அதைச் சேர்த்தால் நிபந்தனை தலைகீழாகி ‘வந்தாலும்’ ஆகிறது. ‘வந்து’ என்பதில் சேர்த்தால் ‘வந்தும்’ ஆகிறது. எனினும், ஆயினும், இருப்பினும், ஆனாலும் என்று நாம் வாக்கியத்தின் தலைப்பில் வைக்கும் சொற்களையெல்லாம் பிரித்துப் பார்த்தால், அடியில் கிடப்பது இந்த உம்மையே. ‘ஆனால்’ என்ற சொல்லோ ‘ஆகுமெனில்’ என்ற நிபந்தனைப் பொருளிலிருந்து பிறந்து, மறுப்பு வேலைக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தின் ‘பட்’ அப்படியில்லை. அதன் பழைய உருவத்துக்குப் ‘புறத்தே’ என்று பொருள். ஒன்றைத் தவிர மற்றெல்லாம் என்று சொல்லுமிடத்தில் இன்றும் ஆங்கிலேயன் அந்தப் பழைய பொருளிலேயே ‘பட்’டைப் பிரயோகிக்கிறான். ஆகவே அகராதியில் ஒன்றுக்கு எதிரே மற்றொன்று அச்சிடப்பட்டிருந்தாலும், இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல.

விசேஷம் பொருளில் இல்லை, இருப்பிடத்தில் இருக்கிறது. இரண்டு கூற்றுக்களை அடுத்தடுத்த இரண்டு வயல்களாகவும், நடுவே ஒரு வரப்பு ஓடுவதாகவும் வைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ முதல் வயலின் தலைமடையிலேயே நின்றுகொண்டு, உள்ளே நுழையும் முன்பே, ‘இது நான் விட்டுக்கொடுக்கப் போகிற பகுதி, பலன் அடுத்த வயலில் இருக்கிறது’ என்று அறிவித்துவிடுகிறது. தமிழிலோ வினை கடைசியில் வருவதால், அதன் வாலில் ஒட்டும் ‘உம்’ முதல் வயலின் கடைமடையில், சரியாக வரப்பின்மேல் நிற்கிறது. தமிழ்க்காதுக்கு அடையாளம் வேண்டிய இடம் அந்த வரப்பு. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி ‘ஆல்தோ’வைத் தலைமடையில் நட்டுவிட்டு முதல் வயலைக் கடந்து வரப்புக்கு வந்து சேரும் பையன், அங்கே ஒரு கல்லும் இல்லாமல் வெறிச்சென்று கிடப்பதைக் கண்டு, கையில் அகப்பட்ட ‘பட்’டை ஊன்றிவிட்டு நிம்மதியாக அடுத்த வயலில் இறங்குகிறான். அவன் தமிழ்ச் சொல்லை மொழிபெயர்க்கவில்லை, தமிழ் ஓசையின் தேவையை நிறைவேற்றுகிறான் என்பதே இப்போது என் அபிப்பிராயம்.

இந்தக் காரணம் மட்டுமே போதாது என்று சொல்லவும் இடமுண்டு. நமக்கு ஆங்கிலம் கற்பித்த புத்தகங்களே வரப்பில் ஒரு கல்லை நட்டுத்தான் வைத்திருந்தன. நெஸ்ஃபீல்டின் இலக்கணமும், 1930-களில் வந்து இன்றுவரை மேசையை விட்டு இறங்காத ரென்–மார்ட்டின் இலக்கணமும் படித்தவர்களுக்கு, ‘தோ’ என்று தொடங்கினால் ‘யெட்’ என்று தொடர வேண்டும் என்ற ஜோடிச் சொல் பாடம் நினைவிருக்கும். அது தவறான பாடமும் அல்ல. ஜேம்ஸ் அரசர் காலத்து ஆங்கில வேதாகமத்தில் அந்த ஜோடி கம்பீரமாக நடமாடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவார்ட்ஸ் பாதிரியாரின் காலத்திலிருந்து தஞ்சையில் ஆங்கிலம் வேரூன்றிய வழி பெரிதும் மிஷன் பள்ளிகளின் வழியாதலால், வேதாகமத்தின் வாக்கிய நடை அந்தப் பள்ளிகளின் காதில் ஏறியிருக்கும் என்று ஊகிப்பது மிகையாகாது. ‘யெட்’ என்பது வினையடைத் தன்மையும் உடையது. ‘அப்படியிருந்தும்’ என்று வலியுறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ‘பட்’ அப்படி ஒதுங்காது. சமமான இரண்டு வாக்கியங்களைக் கட்டுவதே அதன் தொழிலாகையால், ‘ஆல்தோ’ ஒன்றைத் தாழ்த்தி வைத்த பிறகு அதற்குச் செய்ய வேலை கிடையாது. ‘யெட்’ வழக்கில் அருகிப்போக, காலியான அதன் ஆசனத்தில் ‘பட்’ வந்து அமர்ந்துகொண்டது.

சம்ஸ்கிருதம் பயின்ற பழைய தலைமுறைக்கு ‘யத்யபி’ என்றால் ‘ததாபி’ வந்தே தீரும். ஹிந்தியிலும் இந்த ஜோடி உண்டு. சீனமொழியிலும் இரண்டு சொல்லும் சேர்ந்து வருவதே இயல்பு என்பதால், சீன மாணவர்கள் ஆங்கிலத்தில் அச்சாக நம் பையன் செய்த பிழையையே செய்கிறார்கள். ஆக, உலகத்தில் பாதிப்பேர் வரப்பில் கல் நடுகிறவர்கள்; ஆங்கிலேயன்தான் நடாமல் கடக்கிறான். இதை எண்ணிப் பார்க்கும்போது அந்தப் பையனை முட்டாள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

குறை சொல்லவேண்டுமானால் பரீட்சைக்குச் சொல்லவேண்டும். நம் பள்ளிகளில் வாக்கிய மாற்றம் என்று ஒரு பயிற்சி பல காலமாக நடைபெற்று வருகிறது: தனிவாக்கியமானால் ‘இன் ஸ்பைட் ஆஃப்’, கலவை வாக்கியமானால் ‘தோ’, கூட்டு வாக்கியமானால் ‘பட்’. ஒரே செய்திக்கு மூன்று சட்டை. பிள்ளைகளும் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். சட்டை மாறினால் ஆளும் சற்று மாறிவிடுகிறான் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ‘குறுவை நன்றாக விளைந்தது, ஆனால் விலை இல்லை’ என்று நீடாமங்கலத்து மிராசுதார் ஒருவர் திண்ணையில் சொன்னால், இரண்டு செய்தியும் சம எடையோடு தராசில் ஏறி, பின்னால் ஏறியது தட்டைத் தாழ்த்துகிறது. ‘விலை இல்லாவிட்டாலும் குறுவை நன்றாக விளைந்தது’ என்று அவருடைய மகன் சொன்னால், விலையின் குறை முன்கூட்டியே மன்னிக்கப்பட்டு விளைச்சல் முன்னுக்கு வருகிறது. செய்தி இரண்டும் ஒன்றே. அப்பன் துக்கப்படுகிறான், மகன் தேறுகிறான். ‘ஆனால்’, ‘ஆயினும்’ போன்ற எதிர்ச்சொற்களின் இலக்கணம் முழுவதும் இதற்குள் அடக்கம். எந்தப் பாதியை ஒப்புக்கொள்கிறோம், எந்தப் பாதியை ஜெயிக்கவைக்கிறோம் என்று எழுதுகிறவன் முடிவு செய்த பிறகே சொல்லைத் தேடவேண்டும். சொல்லை முதலில் கொடுத்து வாக்கியத்தைப் பின்னால் கேட்கும் பயிற்சியில் அந்த முடிவு செய்யும் வேலைக்கே அவகாசமில்லாமல் போய்விடுகிறது.

இதை நான் கற்றுக்கொண்டது வகுப்பறையில் அல்ல. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரை கடந்த புயலில், கீழ்த்தஞ்சையில் இருந்த என் சித்தப்பாவின் சம்பா முழுகிப்போயிற்று. நிலவரி வஜா கேட்டு மனு எழுத வேண்டும். குடும்பத்தில் ஆங்கிலம் படித்த பிள்ளை நான் ஒருவன். புத்தம்புதிய பட்டதாரியின் மிடுக்கோடு, ‘வயலில் எட்டு நாள் தண்ணீர் நின்றிருந்தும் யாரும் வந்து பார்க்கவில்லை’ என்று சொல்ல நினைத்து, ‘ஈவன் இஃப்’ என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுதினேன். தட்டச்சு செய்யக் கொண்டுபோன இடத்தில், ரெவினியூ இலாகாவில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு அதைப் படித்தார்.

“தம்பி, வயல்ல தண்ணி நின்னுதா, நிக்கலையா?”

“நின்னுது ஐயா. எட்டு நாள்.”

“நீ எழுதியிருக்கிறதைப் பார்த்தா, நின்னாலும் நின்னிருக்கும்கிற மாதிரி இருக்கே. நின்னதையே நீ சந்தேகமா எழுதினா அவங்க எதுக்குப்பா வந்து பார்க்கணும்?”

‘ஈவன் இஃப்’ என்பதை ‘ஈவன் தோ’ என்று ஒற்றைச் சொல் மாற்றி அவரே தட்டச்சு செய்யச் சொன்னார். வஜா கிடைத்ததா என்பது வேறு கதை. எனக்கு அன்று ஒரு பாடம் கிடைத்தது. ‘பெய்தாலும்’ என்ற தமிழ்ச்சொல் பெய்த மழைக்கும் பொருந்தும், பெய்யப்போகும் மழைக்கும் பொருந்தும். எது என்று பின்னால் வரும் வினை காட்டிக்கொடுக்கும். ‘மழை பெய்தாலும் போவேன்’ என்பதில் மழை இன்னும் மேகத்தில் இருக்கிறது. ‘மழை பெய்தாலும் போனான்’ என்பதில் ஏற்கெனவே பெய்து தீர்ந்தது. ஆங்கிலம் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது: நடந்ததற்கு ‘ஈவன் தோ’, நடக்கக்கூடியதற்கு ‘ஈவன் இஃப்’. தமிழில் அந்த நுட்பம் இல்லையென்று எவரேனும் சொல்வாராகில், அவர் ‘பெய்தும்’ என்ற சொல்லை மறந்தவர். கொள்முதல் நிலையத்தின் வாசலில் மூட்டைகளோடு நிற்கும் விவசாயி, ‘நெல்லு காய்ஞ்சிருந்தும் எடுக்கல’ என்று சொல்லும்போது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று சத்தியம் செய்கிறார். ‘காய்ஞ்சிருந்தாலும் எடுக்கமாட்டாங்க’ என்று சொல்லும்போது, தம் நெல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நிலையத்தின் ஸ்வபாவத்தைப் பற்றிச் சொல்கிறார். எழுத்தறியாதவரும் பிசகாமல் செய்யும் இந்த வித்தியாசத்தை அப்படியே எடுத்து, ‘-தும்’ வரும் இடத்தில் ‘ஈவன் தோ’ என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

‘மாறாக’ என்ற தமிழ்ச்சொல்லால் வரும் விபத்து இதைவிட வேடிக்கையானது. ‘என் அண்ணன் விவசாயம் பார்க்கிறான், ஆன் தி கான்ட்ரரி, நான் என்ஜினீயரிங் படிக்கிறேன்’ என்று வேலைக்கு மனுப்போடும் இளைஞர்கள் எழுதுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘ஆன் தி கான்ட்ரரி’ என்பது முன்னே சொன்னதை, ‘அதெல்லாம் இல்லை, உண்மை இதற்கு நேர்மாறு’ என்று மறுக்கும் சொற்றொடர். அண்ணன் விவசாயம் பார்ப்பதைத் தம்பியே மறுக்கிறான் என்றல்லவா ஆகிறது! அவனுக்கு வேண்டியது ‘ஆன் தி அதர் ஹேண்ட்’. இந்தக் கையில் இது, அந்தக் கையில் அது என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. தமிழில் மறுப்புக்கு ‘அல்ல, மாறாக’ என்றும், ஒப்புநோக்குக்கு ‘அவனோ... நானோ...’ என்றும் வேறு வேறு வழி இருக்கிறது. ‘அண்ணனோ விவசாயம் பார்க்கிறான், நானோ படிக்கிறேன்’ என்று வீட்டில் சரியாகப் பேசுகிறவன், விண்ணப்பத்தில் அகராதியை நம்பிக் கெடுகிறான்.

‘டிஸ்பைட் ஆஃப்’ என்று எழுதுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. ‘டிஸ்பைட்’, ‘ஸ்பைட்’ இரண்டும் இகழ்ந்து நோக்குதல் என்ற ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. ‘இன் டிஸ்பைட் ஆஃப்’ என்று முழுசாக எழுதிய காலமும் உண்டு. முன்னே இருந்த ‘இன்’ உதிர்ந்து, பின்னே இருந்த ‘ஆஃப்’பும் உதிர்ந்து, ‘டிஸ்பைட்’ இன்று தனித்து நிற்கிறது. ‘டிஸ்பைட் ஆஃப்’ இன்று பிழைதான். நேற்று அது பிழையல்ல. ‘பட்’ என்று வாக்கியத்தைத் தொடங்கக்கூடாது என்று பள்ளிக்கூடங்களில் போடும் தடையோ எந்தக் காலத்திலும் நியாயமில்லாதது. ஆங்கிலத்தின் நல்ல எழுத்தாளர்கள் எல்லாரும் அப்படித் தொடங்கியிருக்கிறார்கள். வேண்டிய இடத்தில் தடுத்து, வேண்டாத இடத்தில் நுழையவிட்டால் ‘பட்’ என்ன செய்யும்?

பழைய தஞ்சை ஜில்லாவில் ஆங்கிலத்தைப் பற்றிப் பேசிவிட்டு வலங்கைமானைப் பற்றிப் பேசாமல் விட்டால் தோஷம். 1869-இல் அவ்வூரில் ஏழைப் புரோகிதக் குடும்பத்தில் பிறந்து, கும்பகோணத்தில் பள்ளிப்படிப்பும் கல்லூரிப்படிப்பும் முடித்து, உபாத்தியாயராக வாழ்க்கையைத் தொடங்கிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று ஆங்கில சாம்ராஜ்யம் முழுவதும் கீர்த்தி பெற்றார். காந்தியடிகளின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்ததை மறுபதிப்புக்காக வரிவரியாகத் திருத்திக்கொடுத்தவர், தம் பெயர் வெளிவரக்கூடாதென்று நிபந்தனை விதித்திருந்தார். அவர் சாஸ்திரியாரே என்பது பின்னாளில் ஊரறிந்த ரகசியமாயிற்று. காந்தியடிகளின் ஒத்துழையாமையை ஏற்காதவர், ஆயினும் அவர் நூலின் ஒரு காற்புள்ளியும் பிசகக்கூடாதென்று உழைத்தவர். மிதவாதிகளின் அரசியலே இந்த ‘ஆயினும்’ என்ற சொல்லில் நின்றது என்று எனக்குத் தோன்றும். எதிராளியின் நியாயத்தை முதலில் முழுமையாக ஒப்புக்கொண்டு, அதன்பிறகே தம் கட்சியை எடுத்து வைக்கும் பழக்கம் அவர்களுடையது. இன்றைய மேடைகளில் அந்த முதல் பாதி காணாமலே போய்விட்டது. எல்லோரும் ‘ஆனால்’ என்றே ஆரம்பிக்கிறார்கள்.

அதே கும்பகோணம் அரசினர் கல்லூரியில், 1854-இல் காவிரிக்கரையில் தோன்றித் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வாங்கிய அந்த ஸ்தாபனத்தில், 1904-இல் சேர்ந்த ஸ்ரீநிவாச ராமாநுஜன் ஆங்கில வியாசத்தில் தோற்று உபகாரச் சம்பளத்தை இழந்தார் என்பதையும் உடன் சொல்லத்தான் வேண்டும். உ. வே. சாமிநாதையர் அதே கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்தார். ஒரு வகுப்பில் உம்மையின் எட்டுப் பொருளும், அடுத்த வகுப்பில் ‘தோ’வும் ‘யெட்’டும் முழங்கியிருக்கும். இரண்டு வகுப்புக்கும் நடுவே இருந்த சுவரில் ஒரு ஜன்னல் வைக்கலாமென்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. அந்த ஜன்னல் இன்றும் வைக்கப்படவில்லை என்பதுதான் என் புகார். தமிழ் ஆசிரியர் உம்மையை நடத்திவிட்டுப் போகிறார், ஆங்கில ஆசிரியர் அடுத்த மணியில் வந்து தமிழையே நினைக்காதே என்று சொல்லிக்கொண்டு ‘ஆல்தோ’வை நடத்துகிறார், ஒரே பிள்ளையின் ஒரே மண்டைக்குள் இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் குடியிருக்கின்றன. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்றபோது லத்தீனை மறக்க முயலவில்லை; தமிழின் ஒவ்வொரு உருபையும் தமக்குத் தெரிந்த லத்தீனோடு வைத்துப் பார்த்து, 1716-இல் லத்தீன் மொழியிலேயே ஒரு தமிழ் இலக்கணம் அச்சிட்டார். அந்நியர் நம் மொழியைக் கற்கக் கையாண்ட அந்த உபாயத்தை, அந்நிய மொழியைக் கற்கும் நம் பிள்ளைகளுக்கு நாம் ஏன் மறுக்கவேண்டும்?

ஆங்கிலம் யாருக்கு வேண்டும், எதிர்ச்சொல் எங்கே வந்தால் என்ன, உழவனுக்கு அதனால் ஒரு படி நெல் கூடுமா என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு நான் காவிரியைக் காட்டுவேன். மைசூரும் சென்னையும் 1892 பிப்ரவரி 18-இல் செய்துகொண்ட உடன்படிக்கையில், மைசூர் புதிய தேக்கங்கள் கட்டுமுன் சென்னையின் சம்மதத்தைப் பெறவேண்டும் என்றும், அனுபவத்தால் ஏற்கெனவே அடைந்துள்ள பாத்தியதையைக் காப்பதற்காகவன்றி வேறெதற்காகவும் சென்னை அந்தச் சம்மதத்தை மறுக்கலாகாது என்றும் கண்டிருந்தது. ‘அன்றி’ என்று நாம் சொல்லும் அந்தச் சிறு எதிர்ச்சொல்லின் இடுக்கில்தான் தஞ்சை டெல்டாவின் பழைய உரிமை முழுவதும் ஒண்டிக்கொண்டிருந்தது. குடியரசோடு அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 262-ஆம் ஷரத்தின் இரண்டாம் பிரிவு, ‘நாட்வித்ஸ்டேண்டிங்’ என்ற சொல்லோடு தொடங்குகிறது. பிரித்தால், ‘எதிர்த்து நிற்காமல்’ என்று பொருள்படும் சொல் அது: இந்தச் சாசனத்தில் வேறெங்கே என்ன சொல்லியிருந்தபோதிலும், மாநிலங்களுக்கிடையேயான நதிநீர்த் தகராறில் சுப்ரீம் கோர்ட்டுக்குக்கூட அதிகாரம் இல்லையென்று பார்லிமெண்ட் சட்டம் செய்யலாம் என்கிறது அந்தப் பிரிவு. ஆங்கிலத்தின் எதிர்ச்சொற்களில் இதற்கு மேல் பலமுள்ளது கிடையாது. ‘ஆல்தோ’ ஒரு வாக்கியத்தைத்தான் தாழ்த்தும், இது ஒரு சாசனத்தையே தாழ்த்தும்.

அவ்வளவு பலமான சொல்லுக்கும் எல்லை எது என்ற வழக்கு வந்தது. காவிரித் தீர்ப்பாயம் 2007 பிப்ரவரி 5-இல் அளித்த இறுதி முடிவை எதிர்த்து மாநிலங்கள் மேல்முறையீடு செய்தபோது, அந்த முறையீடுகளைக் கேட்கவே கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லையென்று மத்திய சர்க்கார் வாதித்தது. 262-ஆம் ஷரத்து இருந்தபோதிலும் மேல்முறையீட்டைக் கேட்கும் தன் அதிகாரம் அடைபட்டுவிடவில்லை என்று 2016 டிசம்பர் 9-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. ஒரு ‘போதிலும்’ மற்றொரு ‘போதிலும்’ என்ற சொல்லுக்கு அணை போட்டது. அதன் பலனாக வந்த 2018 பிப்ரவரி 16-ஆம் தேதித் தீர்ப்பில், பில்லிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 192 டி.எம்.சி. தண்ணீர் 177.25 ஆகக் குறைந்தது. குறைந்த 14.75-இல் 10 டி.எம்.சி., டெல்டாவின் அடியில் நிலத்தடி நீர் இருக்கிறதே என்ற கணக்கில் போயிற்று. மீதி பெங்களூரின் குடிநீருக்குப் போயிற்று. சட்டத்தின் சூட்சுமங்களில் எனக்குப் பாண்டித்தியம் இல்லை. ஆனால் கோர்ட்டு ஆங்கிலத்தில் எந்தச் சொல் எதைத் தாழ்த்துகிறது என்று படித்து அறியக்கூடிய பிள்ளைகள், தலைமடையில் மட்டுமல்லாமல், வேதாரண்யத்தையும் திருத்துறைப்பூண்டியையும் போன்ற கடைமடை ஊர்களிலும் சிலபேராவது வளரவேண்டாமா? அவர்களுக்கு ‘தனிவாக்கியமானால் இது, கூட்டு வாக்கியமானால் அது’ என்ற சட்டைப் பாடம் உதவாது.

பையன் கதையை விட்டுவிட்டேன். அன்று மழை விடும்வரை, அவன் வியாசத்திலிருந்த நான்கு வாக்கியங்களையும் நாங்கள் முதலில் தமிழில் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தோம். எந்தப் பாதியை விட்டுக்கொடுக்கிறான், எந்தப் பாதியைப் பிடித்துக்கொள்கிறான் என்று அவனையே கேட்டேன். தண்ணீர் தாமதத்தை விட்டுக்கொடுத்து, விளைச்சலைப் பிடித்துக்கொண்டான். ‘உம்’ நிற்கும் வரப்பைப் பென்சிலால் கோடிட்டுக் காட்டி, ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஒரு காற்புள்ளி மட்டும் போதும், கல் வேண்டாம் என்றேன். மூன்று வாக்கியம் பிசகில்லாமல் வந்தது. நான்காவதை எழுதாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்னப்பா?”

“தண்ணி வாக்கியம் சார். எங்க அப்பா சொன்னா மாத்திச் சொல்லுவாங்க.”

“எப்படி?”

“வெளஞ்சாலும், தண்ணி லேட்டுதாம்பாங்க.”

இரண்டையும் எழுதச் சொன்னேன். ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, ஓரத்தில் ஒன்றுக்கு ‘நான்’ என்றும் மற்றதற்கு ‘அப்பா’ என்றும் குறித்துக்கொண்டு, நோட்டை மறுபடியும் சட்டைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினான்.